சூட்டில் நீலம், குளிரில் சிவப்பு

பெண் பார்க்கப் போகிற வீட்டில் கறுப்பு கண்ணில் படக் கூடாது என்பது என் அம்மாவின் சட்டம். அன்று என் கறுப்புக் கால்சட்டையை மாற்றச் சொல்லி, பழுப்பு நிறத்தில் ஒன்றை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். கைக்கடிகாரத்தின் வாரும் கறுப்பு. அதைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொள்ளச் சொன்னார். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களைத் தன் காரில் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போனார். எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மழை வந்திருக்க வேண்டிய நேரம். வரவில்லை.

பெண்ணின் அப்பா ரயில்வேயில் சிக்னல் பழுது பார்க்கிற வேலையில் இருந்தார். குவார்ட்டர்ஸ் வீடு. கூடத்து மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் தந்தது. தாய் இல்லாத வீடு என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். பெண் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் முடித்துவிட்டு, அங்கேயே ஆய்வு செய்துகொண்டிருந்தாள். நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளேட்டில் துணையாசிரியர். பிறர் எழுதியதை வெட்டுவது, தலைப்புப் போடுவது, ஞாயிறு மலரில் அறிவியல் பக்கம் பார்ப்பது என் வேலை. தரகருக்கு இது நல்ல பொருத்தமாகப் பட்டிருக்க வேண்டும்.

அவளே தட்டில் ஆரஞ்சு பானப் போத்தல்களைக் கொண்டுவந்து வைத்தாள். குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தவை. வெளிப்பக்கம் முழுவதும் வேர்த்திருந்தன.

மாமாதான் பேச்சைத் தொடங்கினார். அவர் டேங்கர் லோரி ஓட்டுநர். சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியாது.

"படிப்பு முடிஞ்சிருச்சுன்னாங்க. இன்னும் என்னம்மா செய்றீங்க அங்க?"

அவள் சற்று யோசித்தாள். உள்ளே போய், ஒரு பள்ளிப் புத்தகத்தின் அளவுக்கு இருந்த அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். மேலே பளபளப்பான மெல்லிய தாள் ஒட்டி, விளிம்புகளை மூடியிருந்தது. அட்டை முழுக்கக் கறுப்பு. நடுக் கூடத்தில், என் அம்மாவின் முகத்துக்கு நேரே அதை நீட்டினாள்.

"இதுதான் அங்கிள். இதுக்கு உள்ள இருக்கறதைத்தான் செய்றேன்."

அம்மா தரையைப் பார்த்தார். அவளுடைய அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். மாமா முன்னால் குனிந்தார்.

"ஒண்ணும் இல்லையேம்மா. வெறும் கறுப்பால்ல இருக்கு."

அவளும் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ஆட்டிப் பார்த்தாள்.

"லேப்ல நல்லா இருந்துச்சே," என்றாள். பிறகு கையை நெற்றியில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "ஐயோ! லேப்ல ஏர்கான்!"

பெண் பார்க்கும் கூடத்தில் பெண் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேள்விப்பட்டதில்லை. அவள் அட்டையை மேசையில் கிடத்தினாள். நான் இன்னும் தொடாமல் வைத்திருந்த போத்தலை என் முன்னாலிருந்தே எடுத்து அதன் மேல் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு போத்தலின் அடியைச் சுற்றி, கறுப்புக்குள்ளிருந்து ஒரு செம்பு நிற வளையம் எழும்பியது. அதற்கு வெளியே பச்சை. அதற்கும் வெளியே நீலம். வண்ணத்துப்பூச்சியின் இறக்கையில்தான் அந்த மாதிரி நீலத்தை நான் பார்த்திருக்கிறேன். வளையங்கள் மெதுவாக வெளிப்பக்கம் நகர்ந்தன.

"டேய் மாப்ளே, வானவில்லுடா!" என்றார் மாமா.

"இதுக்குப் பேரு திரவப் படிகம் அங்கிள். தண்ணியும் இல்ல, கல்லும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல. சூட்டுக்குத் தகுந்த மாதிரி நிறம் மாறும். நான் லேப் குளிருக்குக் கலந்து வச்சிருக்கேன். இந்த வீட்டுச் சூட்டுல அது எல்லா நிறத்தையும் தாண்டிப் போயிருச்சு."

"கறுப்பு எதுக்கும்மா போட்டீங்க?" இது அம்மா. அவர் அங்கே பேசிய முதல் வாக்கியம்.

"பின்னால கறுப்பு இருந்தாத்தான் ஆன்டி நிறம் தெரியும். வெள்ளைத் தாள்ல தடவினா ஒண்ணுமே தெரியாது."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது.

"எதுல செய்றது இத?" என்றார் மாமா.

"ஆட்டு ரோமத்துல ஒரு கொழுப்பு எடுப்பாங்க. அதோட நம்ம செம்பனை எண்ணெயில இருந்து எடுக்கற அமிலத்தைச் சேர்ப்போம்."

"நான் போர்ட்டுக்கு ஏத்திட்டுப் போற எண்ணெயா?" மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுலயா இவ்ளோ நிறம்? இத்தனை வருஷம் ஓட்டுறேன், ஒருத்தனும் சொல்லலியே லா!"

நான் அன்று கேட்டது ஒரே ஒரு கேள்வி. குளிர்ந்த இடத்தில் சிவப்பும் வெளியே நீலமும் இருக்கிறதே, சூடு அதிகமானால்தானே சிவப்பு வர வேண்டும் என்றேன்.

அவள் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "இதுல நேர் எதிர். குளிர்ல சிவப்பு, சூட்டுல நீலம். நிறைய பேரு கவனிக்க மாட்டாங்க."

திரும்பும் வழியில் கூட்டரசு நெடுஞ்சாலையில், பெட்டாலிங் ஜெயா தாண்டிய பிறகு அம்மா சொன்னார்: "நல்ல பொண்ணுதான். ஆனா நல்ல காரியத்துக்குப் போன எடத்துல கறுப்பை எடுத்து நீட்டிருச்சே."

"அக்கா, அது கறுப்பு இல்ல," என்றார் மாமா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "குளிர் பத்தல. அவ்ளோதான்."

பின் இருக்கையில் நான் சட்டைக் கையை மேலே தள்ளிக் கடிகாரத்தைப் பார்த்தேன். எண்கள் ஓடும் கடிகாரம். மணி பார்க்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. இவள்தான் என்று தெரிந்துவிட்டது. முகத்தைக் கீழே வைத்துக்கொள்ள ஏதாவது தேவைப்பட்டது.

*

சில வாரங்கள் கழித்து அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரை என்று ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். அது பொய்யும் அல்ல. அந்த ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கின் மின்னணுத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். எங்கள் தெருவிலிருந்தே விடிகாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். சிலர் கடிகாரத்துக்கும் கணக்குப் பொறிக்கும் கண்ணாடி முகப்பு பொருத்தினார்கள். அந்த முகப்பின் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் இருப்பதும் இதே திரவப் படிகம்தான் என்று தமிழில் எவரும் எழுதியிருக்கவில்லை.

ஆய்வுக்கூடம் அவள் சொன்னபடியே குளிராக இருந்தது. அவள் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். கோலாலம்பூரில் கம்பளிச் சட்டை போட்ட பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சுவரில் அந்த அட்டை மாட்டியிருந்தது. இங்கே அது தானாகவே பச்சையாக இருந்தது.

நுண்ணோக்கியின் கீழே ஒரு கண்ணாடித் துண்டு. அதைச் சூடாக்க ஒரு சின்னத் தகடு. "கண்ண எடுக்காதீங்க," என்றாள். முதலில் தெரிந்தது உடைந்த சர்க்கரை போன்ற துண்டுகள். சூடு ஏறியதும் அவை கரைந்து, நூல் நூலாக நெளியும் வண்ணங்கள் வந்தன. ஆற்றங்கரையில் எண்ணெய் சிந்திய இடத்தைப் போல. கை பட்டால் கலையும், விட்டால் மறுபடியும் சேரும் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் அப்படி நெளிந்தது. பிறகு ஓரத்திலிருந்து கறுப்பு வந்து எல்லாவற்றையும் மூடியது.

"கெட்டுப் போச்சா?" என்றேன்.

"தெளிஞ்சிருச்சு. இப்ப அது வெறும் திரவம். வெளிச்சத்தைத் திருப்பற வேலையை விட்டுருச்சு, அதான் கறுப்பாத் தெரியுது." தகட்டை அணைத்தாள். "ஆற விடுங்க. திரும்பி வரும்."

திரும்பி வந்தது. ஒரு சில பாகை வித்தியாசத்துக்குள்தான் அந்த வண்ணங்கள் இருக்கின்றன. அந்த இடைவெளியை எப்படி அகலமாக்குவது, எந்த எண்ணெயோடு எதைக் கலந்தால் எங்கே தள்ளி வைக்கலாம் என்பதுதான் தன் ஆய்வு என்றாள். தமிழ் வாசகருக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவள் குறடு ஒன்றை விரலில் சுழற்றிக்கொண்டு யோசித்தாள்.

"பாசார்ல காலையில கூட்டம் இருக்கும் பாருங்க, ஆளுக்கு ஒரு பக்கம், அது திரவம். கல்யாணப் பந்தியில வரிசையா உக்காந்துட்டாங்கன்னா அது படிகம். எழுந்திருக்க மாட்டாங்க."

"இது?"

"தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு நடக்கறாங்கல்ல? யாருக்கும் சொந்த எடம் கிடையாது. இடிச்சுக்கிட்டு, முந்திக்கிட்டு நகர்ந்துக்கிட்டே இருப்பாங்க. ஆனா எல்லா மூஞ்சியும் ஒரே பக்கம்."

அந்தப் பத்தியை ஒரு சொல்கூட மாற்றாமல் போட்டேன். படம்தான் சொதப்பியது. எங்கள் பத்திரிகை அப்போது முழுவதும் கறுப்பு வெள்ளை. பச்சையும் நீலமுமாக இருந்த அட்டை அச்சில் ஒரு சாம்பல் சதுரமாக வந்தது. அதற்குக் கீழே, "நிறம் மாறும் அட்டை" என்று நானே எழுதிய படக்குறிப்பு. அது அச்சான ஞாயிறன்று அலுவலகத் தொலைபேசி அடித்தது.

"கறுப்பைக் காட்டுனா அம்மாவுக்குப் பிடிக்காதுன்னு சாம்பலா மாத்திட்டீங்களா, பேப்பர்காரரே?"

அதற்குப் பிறகு பேசுவதற்குக் கட்டுரை தேவைப்படவில்லை. வேலை முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸில் இறங்கி அவள் வீட்டுக் கூடத்தில் அவளுடைய அப்பாவோடு உட்கார்ந்திருப்பேன். அவர் செய்தியைக் கேட்பார், அவள் கோப்பி கொண்டுவருவாள், பின்னால் ரயில்கள் போகும். ஊரறிய நிச்சயம் ஆகாத நிலையில் எங்களுக்கு அனுமதிக்கப்பட்டது அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

*

அம்மா மனம் மாறி, வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பார்க்கத் தொடங்கிய மாதத்தில்தான் அவளுக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்தது. வடக்கே ஒரு துறைமுக நகரத்தில், இதே திரவப் படிகத்தில் முனைவர் ஆய்வு. மூன்று ஆண்டுகள்.

நம் ஆட்களிடம் இதற்கு ஒரு வழி உண்டு. முதலில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தாலி கட்டுவது கோயிலில் பிறகு, ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ கழித்து. அரசாங்கத்துக்கு அவர்கள் கணவன் மனைவி. வீட்டாருக்கு, தாலி ஏறும்வரை, பெண் இன்னும் அப்பா வீட்டுப் பெண். பையன் வெளியூருக்குப் போனாலும் பெண் மேல்படிப்புக்குப் போனாலும் இப்படி ஒரு முடிச்சைப் போட்டு அனுப்புவது வழக்கம். அம்மா அதைத்தான் கேட்டார். அதே கூடத்தில், அதே மின்விசிறியின் கீழ்.

"மூணு வருஷம் போகட்டும், நான் வேணாங்கல. ரெஜிஸ்டர் பண்ணிட்டுப் போகட்டும். நாலு பேரு கேட்டா சொல்றதுக்கு வேணும்ல?"

அவளுடைய அப்பா மகளைப் பார்த்தார். சம்மதமா மறுப்பா என்று அந்தப் பார்வையில் தெரியவில்லை. அவர் சிக்னல்காரர், வண்டி வருகிறதா என்று பார்க்காமல் கையைத் தூக்க மாட்டார்.

"ஆன்டி, கோவிச்சுக்காதீங்க," என்றாள் அவள். "கையெழுத்துப் போட்டுட்டுப் போனா, அங்க ஒவ்வொரு நாளும் நான் இவருக்குக் கடன்பட்ட மாதிரி இருக்கும். நான் வர்றதா இருந்தா வரணும்னு தோணி வரணும். கையெழுத்துக்காக வரக் கூடாது."

"வர்றதா இருந்தாவா?" என்றார் அம்மா.

கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவள் வர வேண்டும் என்று விரும்பினேன். இன்றுவரை வேறெதையும் அந்த அளவுக்கு விரும்பியதில்லை. அதனாலேயே அவள் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. "இப்படியே போகட்டும்மா," என்றேன். "முடிச்சிட்டு வந்ததும் தாலி கட்டிக்கறோம்."

அவள் புறப்படுவதற்கு முந்தைய மாதங்களில் என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்தாள். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு வெப்பமானியைத் தந்து, கிள்ளான் வீட்டுச் சமையலறையில் மாட்டச் சொன்னாள். காலை எழுந்ததும், மதியம், விளக்கு வைக்கும்போது என்று அளவு பார்த்துச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குப் போய்விட்டால் அம்மா பார்ப்பார். அம்மாவுக்கு எண்கள் தெரியும், பாதரசம் தெரியாது. "வெள்ளி நூலு எது வரைக்கும் ஏறியிருக்குன்னு பாருங்க ஆன்டி, போதும்," என்று அவளே தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தாள்.

அந்த மாதங்களில் எங்கள் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது.

"காலையில?"

"இருபத்தாறு."

"மழையா?"

"ராத்திரி பெஞ்சது."

"மத்தியானம்?"

"முப்பத்திரண்டு. அம்மா சமைக்கும்போது இன்னும் ஏறுது."

"அடுப்புலேர்ந்து தள்ளி மாட்டுங்கன்னு சொன்னேன்ல, பேப்பர்காரரே?"

வேறு என்ன பேசியிருந்தாலும் எனக்கு இதைவிட நினைவில் இருந்திருக்காது.

சுபாங் விமான நிலையத்தில் அவள் கைப்பையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்தாள். அம்மாவிடம்தான் கொடுத்தாள். அம்மா அதை வாங்கும்போது, அதிகம் குளிரூட்டிய அந்த மண்டபத்தில், அது சுத்தக் கறுப்பாக இருந்தது. அம்மா அதைப் பைக்குள் வைத்தார். அவள் நெற்றியில் திருநீறு பூசி, "போயிட்டு வந்துரும்மா," என்றார்.

"வீட்டுல மாட்டுங்க ஆன்டி. இது உங்க சமையலறைக்குன்னே கலந்தது. வேற எங்கயும் வேலை செய்யாது." என் பக்கம் திரும்பி, "இதுல பாதி என்கிட்ட இருக்கு. ஒரே கலவை," என்றாள்.

*

சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் அதை மாட்டினோம். விடிகாலையில் சிவப்பு. அம்மா அடுப்பு மூட்டிக் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் கலந்த பச்சை. பத்து மணிக்கு மேல் நல்ல பச்சை, மதியத்தில் நீலம். சாயங்காலம் இதே வழியில் திரும்பும். விடிய விடிய மழை பெய்த காலைகளில் கறுப்பாகவே இருக்கும். "இன்னிக்கு இன்னும் எழுந்திரிக்கல," என்பார் அம்மா.

முதலில் யாரும் இல்லாதபோது நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அம்மா அதைப் பயன்படுத்தத் தொடங்கினார். நீலம் வந்துவிட்டால் துணி காய்ந்திருக்கும். சிவப்பாக இருந்தால் தோசை மாவு இன்னும் கொஞ்சம் வெளியே இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "என் மருமக குடுத்தது," என்று சொன்னதை ஒரு முறை பின்வாசலிலிருந்து கேட்டேன். நாங்கள் எந்தக் கையெழுத்தும் போட்டிருக்கவில்லை.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலகத்துக்குக் கூப்பிடுவாள். எங்களுக்கு மாலை, அங்கே காலை. பின்னால் கடற்பறவைகள் கத்துவது கேட்கும். ஆய்வு நன்றாகப் போகிறது, காற்றுதான் தாங்கவில்லை என்பாள். அவளுடைய பாதி அட்டை எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன்.

"கறுப்பு. வந்த நாள்லேர்ந்து கறுப்புதான். இங்க ரூம் சூடு அதுக்குப் பத்தாது."

"அப்ப வீணாப் போச்சா?"

"உள்ளங்கையை வச்சு அழுத்துனா வரும். கையை எடுத்ததும் கை மாதிரியே நீலமா ஒண்ணு இருக்கும், அப்புறம் பச்சை, சிவப்பு, போயிரும். தெனமும் தூங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பண்ணிப் பாப்பேன்."

எதிர் மேசையில் விளையாட்டுச் செய்தி ஆசிரியர் கால்பந்து முடிவைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

மூன்று ஆண்டுகள் முடிந்தன. பட்டம் வாங்கினாள். அதே துறையில் இன்னும் ஒரு வேலை வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு என்றாள். அதற்குப் பிறகு இன்னொன்று. அவள் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு முறையும் தானே கூப்பிட்டுச் சொன்னாள், என்ன செய்யட்டும் என்று கேட்டாள், நான் என்ன சொல்வேன் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திரவப் படிகத்தைக் கொண்டு வேறொன்று செய்யத் தொடங்கியிருப்பதாகச் சொன்னாள். குரலில் பழைய துள்ளல்.

"சோப்பு மாதிரி ஒண்ணு, தண்ணியில போட்டா தானாவே குச்சி குச்சியா அடுக்கி நிக்கும். அதுவும் திரவப் படிகம்தான். அதைச் சுத்திக் கண்ணாடி மாதிரி ஒண்ணை இறுக விட்டுருவோம். அப்புறம் அடுப்புல வச்சு சோப்பை எரிச்சிருவோம்."

"எரிச்சிட்டா என்ன மிச்சம்?"

"ஓட்டை. அது நின்ன எடம் அப்படியே ஓட்டையா இருக்கும். வரிசையா, எல்லாம் ஒரே அளவுல. ஒரு முடியோட அகலத்துக்குள்ள பல்லாயிரம் ஓட்டை வைக்கலாம். நானோமீட்டர்ல அளக்கறோம். எண்ணெயைச் சுத்தம் பண்றதுக்கு, மருந்தை உள்ள வச்சு அனுப்பறதுக்கு, எதெதுக்கோ ஆகும்."

"அச்சு எரிஞ்சு போயிருது."

"அச்சு எங்களுக்கு எதுக்கு? ஓட்டைதான் வேணும்."

அதையும் அறிவியல் பக்கத்தில் எழுதினேன். மலரில் வண்ணம் வந்துவிட்ட காலம் அது. ஆனால் அந்தப் பொருளைப் படம் எடுத்தால் வெறும் வெள்ளைத் தூள். இந்த முறை படம் போடவில்லை.

அம்மா இடையில் வேறு இடங்கள் இரண்டொன்றைப் பற்றிப் பேச்செடுத்தார். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். பிறகு எடுப்பதை விட்டுவிட்டார்.

*

பிரிக்பீல்ட்ஸில் பெரிய ரயில் நிலையம் வரப்போகிறது என்று குவார்ட்டர்ஸ் வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோதுதான் அவள் வந்தாள். அப்பா அதற்கு முன்பே ஓய்வு பெற்று, நீட்டிப்புக் கேட்டு அங்கேயே இருந்தார். வரிசையில் பாதி வீடுகளுக்கு அப்போதே கதவு இல்லை. நான் போனது ஒரு பிற்பகல். கூடத்தில் பெட்டிகள். மின்விசிறியைக் கழற்றியிருந்தார்கள், கூரையில் கம்பி மட்டும் தொங்கியது.

அவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது. எனக்கும்தான். முகமெல்லாம் வேர்வை. பழைய செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள். எங்கள் பத்திரிகைதான்.

"எப்படித்தான் இருந்தேனோ இந்தச் சூட்டுல," என்றாள்.

விளையாட்டாகச் சொன்னாள். நான் கேட்க வந்ததற்குப் பதில் அதிலேயே இருந்தது. ஆனாலும் கேட்காமல் திரும்புவதில்லை என்று பேருந்திலேயே தீர்மானித்திருந்தேன்.

"இனி இங்க வர்ற எண்ணம் இருக்கா?"

அவள் விசிறுவதை நிறுத்தினாள். "எனக்குன்னு ஒரு லேப் குடுத்திருக்காங்க. நாலு பேரு என்னை நம்பி வேலை பாக்கறாங்க. அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன்." செய்தித்தாளை இன்னொரு முறை மடித்து, "வரணும்னு தோணல. தோணும்னு ஒவ்வொரு வருஷமும் பாத்தேன். நிஜமாத்தான் பாத்தேன்," என்றாள்.

"தெரியும்."

"நீங்க அங்க வர முடியுமா?"

"அங்க தமிழ்ப் பேப்பர் இருக்கா?"

அவள் சிரித்தாள், பெண் பார்க்க வந்த அன்று சிரித்த அதே சிரிப்பு. நானும் சிரித்தேன். அது நின்ற பிறகு இருவரும் பெட்டிகளைப் பார்த்தோம்.

"தம்பி," உள்ளறையிலிருந்து அவளுடைய அப்பா கூப்பிட்டார். "அந்த டேப்பு அங்க இருக்கா பாருங்க. இந்தப் பெட்டி வாய மூட மாட்டேங்குது."

டேப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, பையிலிருந்த அட்டையை அவளிடம் நீட்டினேன். அதில் நிறம் வருவது இரண்டு மூன்று ஆண்டுகளாகவே குறைந்துகொண்டு வந்தது. அவள் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். விளிம்பை நகத்தால் தடவினாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் முகம் ஆய்வுக்கூடத்து முகமாக இருந்தது.

"காத்து உள்ள போயிருச்சு. இவ்ளோ நாள் தாங்குனதே பெருசு. கீழ் மூலையில மட்டும் கொஞ்சம் உயிர் இருக்கு."

அந்த மூலையில் விரல்களை வைத்து அழுத்தினாள். எடுத்தபோது மூன்று விரல்களின் நுனி மட்டும் நீலமாக நின்றது. அந்தக் கூடத்துச் சூட்டில் அது உடனே மறையவில்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"புதுசா ஒண்ணு பண்ணி அனுப்பட்டுமா?" என்றாள். "இருபத்தாறுலேர்ந்து முப்பத்திரண்டு. எனக்கு மறக்கல."

"வேணாம்," என்றேன். "இதுவே இருக்கட்டும்."

அவளுடைய பாதி என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

*

அட்டையை மறுபடியும் அதே ஆணியில் மாட்டினேன். அவள் அப்பாவையும் அழைத்துப் போகிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். பெண்ணின் அப்பாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் கேட்டார்.

அதற்கு அடுத்த ஆண்டு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஏர்கான் வந்தது. மாமா லோரி ஓட்டுவதை விட்டுவிட்டு, தன் மகளின் கணவரோடு சேர்ந்து ஏர்கான் பொருத்தும் தொழிலில் இறங்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை காலை ஏணியோடு வந்து நின்றார். சமையலறையையும் கூடத்தையும் சேர்த்து ஒரே பெட்டி போதும், வயதான காலத்தில் அக்கா ஏன் வேர்த்துக் கொட்ட வேண்டும் என்றார். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வேணாம்டா. அட்டை கெட்டுப் போயிரும்."

"எந்த அட்டை?" மாமா தலையை உள்ளே நீட்டினார். அப்போது ஒன்பது மணி இருக்கலாம், வெயில் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. "அந்தக் கறுப்பு அட்டையா? அதுலதான் ஒண்ணுமே இல்லையேக்கா!"

"அது கறுப்பு இல்ல," என்றார் அம்மா. "அந்த ஓரமா வந்து குனிஞ்சு பாரு. கீழ, மூலையில."